வேவ் கோப்பு படிக்கும் சி நிரல்: 60 பைட் பஃபரில் 70 பைட் வரை படிக்கிறது, எங்கே கை வைப்பது?

#1 கரண்ட்கட்

வணக்கம். வேலையிடத்தில் ஒரு பழைய சி கருவி என் தலையில் விழுந்திருக்கிறது. எழுதியவர் இப்போது இங்கே இல்லை. வேவ் ஒலிக்கோப்பைத் திறந்து உள்ளே என்னென்ன துண்டுகள் இருக்கின்றன என்று பட்டியல் போடும். லிஸ்ட் துண்டில் இருக்கும் குறிப்புகளை எடுத்துக் கொடுக்கும். அவ்வளவுதான். வருடக்கணக்காக ஓடுகிறது, யாரும் குறை சொன்னதில்லை.

போன வாரம் சும்மா அட்ரஸ் சானிடைசர் (ஏசான், நிரல் மெமரி எல்லையைத் தாண்டினால் பிடித்துக்கொடுக்கும் கருவி) போட்டு கம்பைல் செய்து பார்த்தேன். எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி, வீடியோ மாற்றும் கருவியில் மாற்றிய ஒரு கோப்பு, பதிவேறும்போது பாதியில் அறுந்து 60 பைட்டோடு நின்றுவிட்டது. அதைக் கொடுத்ததும் கத்துகிறது: ஹீப் பஃபர் ஓவர்ஃப்ளோ, 26 பைட் வாசிப்பு, 60 பைட் பகுதிக்கு வலப்பக்கம் 0 பைட் தள்ளி. ஏசான் இல்லாமல் ஓட்டினால் கிராஷ் ஆவதில்லை. குறிப்பின் கடைசியில் ஏதோ குப்பை எழுத்து வருகிறது, வேறொன்றும் இல்லை.

கோடை ஒட்டினால் இங்கே வரிகள் சிதைந்துபோகின்றன. பெயர்களைத் தமிழாக்கி முக்கியமான பகுதியை மட்டும் தருகிறேன். தரவு என்பது கோப்பைப் படித்து வைத்த பஃபர், மொத்தம் அதன் நீளம். மால்லாக் மெமரி ஒதுக்கும், மெம்காப்பி பைட்டுகளை நகலெடுக்கும். மாறிகள் எல்லாம் குறியில்லாத 32 பிட் (குறை எண் கிடையாது, எல்லை தாண்டினால் மறுமுனைக்குச் சுற்றிவிடும்).

நிலை = 12
(நிலை < மொத்தம் - 8) இருக்கும் வரை:
  அளவு = நாலுபைட்_படி(தரவு + நிலை + 4)
  துண்டு லிஸ்ட் என்றால்:
    நகல் = மால்லாக்(அளவு)
    மெம்காப்பி(நகல், தரவு + நிலை + 8, அளவு)
  நிலை = நிலை + 8 + அளவு + (அளவு & 1)

படிக்கத்தானே செய்கிறது, எங்கேயும் எழுதவில்லையே. இப்படியே விட்டுவிடலாமா? சரிசெய்யத்தான் வேண்டுமென்றால் எங்கே?

#2 மொட்டைமாடி

ப்ரோ, ரொம்ப யோசிக்காதீங்க. கோப்பைப் படிக்க மால்லாக் செய்யும் இடத்தில் 64 பைட் கூடுதலாகக் கேளுங்கள், அந்த 64-ஐயும் பூஜ்யமாக நிரப்புங்கள். ஏசான் வாயை மூடிக்கொள்ளும். எஃப்எஃப்எம்பெக்கே உள்ளீட்டு பஃபருக்குப் பின்னால் 64 பைட் விடச் சொல்கிறது. பெரியவர்கள் செய்வதை நாமும் செய்யலாம்.

#3 பழைய_சி_ஆள்

மொட்டைமாடி, எஃப்எஃப்எம்பெக் அந்த 64 பைட்டைக் கேட்பதற்குக் காரணம் வேறு. அதன் பிட் வாசிப்பான்கள் வேகத்துக்காக ஒரே மூச்சில் 32 பிட், 64 பிட் என்று எடுக்கும். கடைசி பைட்டில் நிற்கும்போது சில பைட் தாண்டும். எவ்வளவு தாண்டும் என்பதற்கு ஓர் உச்ச வரம்பு உண்டு, அந்த வரம்புக்கு இடம் விடுகிறார்கள். இங்கே அப்படி வரம்பு ஏது? அளவு கோப்பிலிருந்து வருகிறது. கோப்பு 26 என்று சொன்னால் 26, 4 கோடி என்று சொன்னால் 4 கோடி. 64 பைட் மெத்தை போட்டால் இந்த ஒரு கோப்புக்கு மட்டும் ஏசான் அமைதியாகும்.

கரண்ட்கட், முதலில் உங்கள் அறிக்கையைப் படிப்போம். ரிஃப் (வேவ் கோப்பின் அடிப்படை வடிவம்) தலைப்பு 12, எஃப்எம்டி துண்டு (ஒலியின் அமைப்பைச் சொல்வது) 8 + 16, ஆக லிஸ்ட் துண்டு 36-இல் தொடங்குகிறது. அதன் தலைப்பு 8, தரவு 44-இல். அளவு 26. 44 + 26 = 70. பஃபர் 60-இல் முடிகிறது. மெம்காப்பி முதல் 16 பைட்டை நியாயமாகப் படித்துவிட்டு, 17-ஆவது பைட்டில் எல்லையை மிதிக்கிறது. அதுதான் 'வலப்பக்கம் 0 பைட்'. அறிக்கையின் கீழே நிழல் பைட்டுகளைப் பாருங்கள்: ஏழு 00, அடுத்து அடைப்புக்குறிக்குள் 04, அப்புறம் எஃப்ஏ வரிசை இருக்க வேண்டும். ஒரு நிழல் பைட் 8 பைட்டைக் குறிக்கும். 7 x 8 = 56, அதோடு 4, மொத்தம் 60. எஃப்ஏ என்பது ஏசான் சுற்றிலும் போட்டு வைக்கும் தடைப்பகுதி.

ஏசான் இல்லாமல் ஏன் கிராஷ் ஆகவில்லை? 64 பிட் லினக்ஸில் கிளிப்சி என்ற சி நூலகத்தின் மால்லாக் 60 கேட்டால் 60 தருவதில்லை. கணக்குக்கு 8 சேர்த்து 16-இன் மடங்காக ஏற்றி 80 பைட் துண்டு எடுக்கும், அதில் 72 உங்கள் கைக்கு வரும். நீங்கள் படித்தது 70 வரை. அந்த 10 பைட்டில் இதற்கு முன் அங்கே இருந்த ஏதோ ஒன்றின் மிச்சம் கிடந்தது, அதுதான் அந்தக் குப்பை எழுத்து. குருட்டு அதிர்ஷ்டம்.

'படிக்கத்தானே செய்கிறது' என்ற கேள்விக்கு: அந்தக் குப்பை எழுத்து வெளியே வந்ததே, அதுதான் பிரச்சினை. ஓபன்எஸ்எஸ்எல் என்ற இணையக் குறியாக்க நூலகத்தின் ஹார்ட்ப்ளீட் முழுக்க முழுக்க வாசிப்பு ஓட்டை, ஒரு பைட்கூட எழுதவில்லை. எதிர்முனை ஒரு ஹார்ட்பீட் செய்தி அனுப்பி 'இதில் இத்தனை பைட் இருக்கிறது, திருப்பி அனுப்பு' என்று சொல்லும். நீளத்துக்கு 16 பிட். ஒரு பைட் அனுப்பிவிட்டு 65535 என்று சொன்னால், சர்வர் நம்பி, பக்கத்து மெமரியில் 64 கேபி வரை அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொல், குக்கி, சில சமயம் தனிச்சாவியே. 1.0.1 பதிப்பு 2012 மார்ச்சில் வந்தது. 2014 ஏப்ரல் 7-இல் 1.0.1ஜி வரும்வரை திறந்தே கிடந்தது.

வெளியே கசியாவிட்டாலும் தொல்லைதான். 2024 ஜூலை 19-இல் க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளால் வந்த விவகாரமும் எல்லை தாண்டிய வாசிப்பே. 21 உள்ளீடுகள் வேண்டும் என்று ஒரு பக்கம் எதிர்பார்ப்பு, மறுபக்கம் கொடுத்தது 20. இல்லாத 21-ஆவதைப் படிக்கப் போய், கெர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையத்தில்) இருந்ததால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன.

#4 நள்ளிரவு_கம்பைலர்

சரி, தீர்வு ஒரே வரிதானே? மெம்காப்பிக்கு மேலே இதைப் போடுங்கள்:

(நிலை + 8 + அளவு > மொத்தம்) என்றால்: பிழை என்று திரும்பு

36 + 8 + 26 = 70 > 60. பிடித்துவிடும்.

#5 தாரா_எம்பெடட்

26-க்குப் பிடிக்கும். அளவு 4294967288 என்று ஒரு கோப்பு சொன்னால்?

36 + 8 + 4294967288 = 4294967332. 32 பிட்டில் 4294967296-க்கு மேல் போனதும் சுற்றிவிடும், மிஞ்சுவது 36. '36 > 60?' இல்லை. உள்ளே விட்டாயிற்று. லிஸ்ட் துண்டாக இருந்தால் 60 பைட் பஃபரிலிருந்து 4 ஜிபி நகல் எடுக்கக் கிளம்பும். லிஸ்ட் இல்லாத வேறு துண்டாக இருந்தால் இன்னும் வேடிக்கை: கடைசி வரியிலும் அதே கூட்டல்தான், நிலை 36-இலிருந்து 36-க்கே போகும். முடிவில்லாத லூப். கிராஷ் இல்லை, பிழைச்செய்தி இல்லை, சிபியு மட்டும் 100 சதவீதம்.

வெளியிலிருந்து வந்த எண்ணோடு எதையும் கூட்டாதீர்கள். நம்மிடம் இருப்பதிலிருந்து கழியுங்கள்:

மீதி = மொத்தம் - நிலை - 8
(அளவு > மீதி) என்றால்: பிழை என்று திரும்பு

நிலை, மொத்தம் இரண்டும் நம் கணக்கு, நாம் அறிந்த எண்கள். வலப்பக்கம் முழுக்க நம்முடையது, இடப்பக்கம் அந்நியன் தனியாக நிற்கிறான்.

இதே காரணத்துக்காக லூப் நிபந்தனையும் தப்பு. மொத்தம் 5 பைட் கோப்பு என்றால் மொத்தம் - 8 எவ்வளவு? குறியில்லாத எண்ணில் 4294967293. 12 அதைவிடச் சிறியது, ஆகவே 5 பைட் கோப்பில் 16-ஆவது இடத்தைப் படிக்கப் போகும். உள்ளே நுழையும் முன்பே 'மொத்தம் 12-க்குக் கீழ் என்றால் வெளியேறு' வேண்டும்.

#6 நள்ளிரவு_கம்பைலர்

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் எல்லாவற்றையும் சைஸ்_டி (அளவுகளுக்கான சி எண் வகை) ஆக்கிவிட்டால் கூட்டலும் சுற்றாது. இல்லாவிட்டால் பாயின்டரை வைத்தே சோதிக்கலாம்: (தரவு + அளவு < தரவு) என்றால் சுற்றிவிட்டது என்று அர்த்தம். பழைய கோடுகளில் இது நிறைய உண்டு.

#7 தாரா_எம்பெடட்

சைஸ்_டி 64 பிட் மெஷினில்தான் 64 பிட். 32 பிட் ஆர்ம் போர்டில் அது 32-தான், என் பிழைப்பு முழுக்க அங்கேதான். 64 பிட் அகலத்தை வெளிப்படையாகச் சொல்லும் வகைக்கு மாற்றிக்கொண்டு கூட்டினால் சரி, அது நியாயமான வழி. சி23-இல் கூட்டலைச் சோதித்தே செய்யும் சிகேடி_ஆட் வந்திருக்கிறது. ஜிசிசியில் 5-ஆம் பதிப்பிலிருந்தே அதற்கு உள்ளமைந்த ஃபங்ஷன் இருக்கிறது. ஆனாலும் கழித்தல் போதும் என்ற இடத்தில் அதெல்லாம் எதற்கு?

பாயின்டர் சோதனை மட்டும் வேண்டவே வேண்டாம். பாயின்டர் தன் பஃபரைத் தாண்டிச் சுற்றுவது சி தரத்தில் வரையறுக்கப்படாத நடத்தை. 'அப்படி நடக்கவே நடக்காது' என்று கம்பைலர் வைத்துக்கொள்ளலாம். அப்படியென்றால் அந்த நிபந்தனை எப்போதும் பொய், ஆகவே தூக்கிவிடலாம். ஜிசிசி உண்மையாகவே தூக்கியது. 2008-இல் அமெரிக்காவின் செர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பு இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சோர்ஸில் சோதனை இருக்கும், பைனரியில் இருக்காது. ரிவ்யூ செய்பவருக்கு எப்படித் தெரியும்?

#8 கரண்ட்கட்

நன்றி தாரா, பழைய_சி_ஆள் அண்ணா. இப்படி மாற்றியிருக்கிறேன்:

(மொத்தம் < 12) என்றால்: பிழை
நிலை = 12
(மொத்தம் - நிலை >= 8) இருக்கும் வரை:
  அளவு = நாலுபைட்_படி(தரவு + நிலை + 4)
  மீதி = மொத்தம் - நிலை - 8
  (அளவு > மீதி) என்றால்: பிழை
  ... லிஸ்ட் வேலை முன்போலவே ...
  நிலை = நிலை + 8 + அளவு + (அளவு & 1)

அறுந்த கோப்பு இப்போது ஒழுங்காகப் பிழை சொல்லி நிற்கிறது. 5 பைட் கோப்பும் சரி. கமிட் செய்துவிடட்டுமா?

#9 பழைய_சி_ஆள்

பொறுங்கள் தம்பி. கடைசி வரி.

ரிஃப் வடிவத்தில் துண்டின் அளவு ஒற்றைப்படை என்றால் பின்னால் ஒரு நிரப்பு பைட் வரும், அதற்குத்தான் அந்த (அளவு & 1). கடைசித் துண்டுக்குப் பின் நிரப்பு பைட்டை எழுதாமல் விடும் மென்பொருள்கள் உண்டு. மொத்தம் 61, லிஸ்ட் 36-இல், அளவு 17 என்று வையுங்கள். மீதி 61 - 36 - 8 = 17. சோதனை தேறிவிடும், சரிதான். பிறகு நிலை = 36 + 8 + 17 + 1 = 62. மொத்தம் - நிலை = 61 - 62. குறியில்லாத எண்ணில் 4294967295. அது 8-ஐ விடப் பெரியது, லூப் ஜாலியாகத் தொடர்கிறது, 66-ஆவது இடத்தில் அளவைப் படிக்கிறது. கழித்தல் பாதுகாப்பு என்று சொன்னதெல்லாம் 'நிலை ஒருபோதும் மொத்தத்தைத் தாண்டாது' என்ற ஒரு வாக்குறுதியின் மேல் நிற்கிறது. அந்த வாக்குறுதியை இந்த ஒரு பைட் உடைக்கிறது.

2017 பிப்ரவரியில் க்ளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தில் நடந்த க்ளவுட்ப்ளீட் இதன் அண்ணன்தான். எச்டிஎம்எல் பார்சர், ராகெல் என்ற கருவி உருவாக்கிய சி கோடு. பஃபர் முடிந்துவிட்டதா என்று பார்க்க 'பாயின்டர் == முடிவு' என்று கேட்டது. ஏதோ ஒரு பாதையில் பாயின்டர் முடிவைத் தாண்டிக் குதித்துவிட்டது. தாண்டிய பிறகு சமம் ஆவது எங்கே? தொடர்ந்து படித்துக்கொண்டே போனது, யார் யாருடைய குக்கியோ வேறு யாருடைய பக்கத்திலோ ஒட்டிக்கொண்டு வெளியே போனது, தேடுபொறிகளின் சேமிப்பிலும் ஏறிவிட்டது. == இருந்த இடத்தில் >= இருந்திருந்தால் அந்தத் தாவல் பிடிபட்டிருக்கும் என்று அவர்களே பிறகு எழுதினார்கள்.

உங்களுக்கு வேண்டியது:

  நிலை = நிலை + 8 + அளவு
  (அளவு ஒற்றை, நிலை < மொத்தம்) என்றால்: நிலை = நிலை + 1

முதல் வரியில் கூட்டல் இருக்கிறதே என்று தாரா கேட்பார். அளவு <= மீதி என்று ஏற்கெனவே சோதித்தாயிற்று, இனி அது சுற்ற வழியில்லை.

#10 தாரா_எம்பெடட்

கேட்க மாட்டேன் :) அந்த நிரப்பு பைட்டை நானும் பார்க்கவில்லை. நல்ல பிடி.

#11 மொட்டைமாடி

என் 64 பைட்டை எல்லாரும் சேர்ந்து கிழித்தீர்கள், பரவாயில்லை. இதற்குப் பதில் சொல்லுங்கள். எஃப்எஃப்எம்பெக் வெளியீட்டைப் பைப்பில் (நேரே அடுத்த நிரலுக்கு) விட்டு வேவ் எடுத்தால், பின்னால் போய் அளவை நிரப்ப வழியில்லாததால் ஒலி இருக்கும் டேட்டா துண்டின் அளவை 4294967295 என்று எழுதி வைக்கும். அது கெட்ட கோப்பு இல்லை, நான் தினமும் கையாளும் கோப்பு. உங்கள் 'பிழை என்று திரும்பு' அதையெல்லாம் வெளியே தள்ளிவிடும். திங்கட்கிழமை கரண்ட்கட்டுக்குத்தான் போன் வரும்.

#12 பழைய_சி_ஆள்

நியாயமான கேள்வி, இதில் மொட்டைமாடி பக்கம்தான் நான்.

டேட்டா துண்டுக்கு மட்டும் விதிவிலக்கு வையுங்கள்: அளவு மீதியைவிடப் பெரியது என்றால் அளவு = மீதி என்று வெட்டிக்கொண்டு, ஓர் எச்சரிக்கை அச்சிட்டுவிட்டுத் தொடருங்கள். ஒலி பாதியில் முடிந்தால் காதுக்குத் தெரியும், யாருக்கும் நஷ்டமில்லை. மற்ற துண்டுகளுக்கு, குறிப்பாக உள்ளே அமைப்பு உள்ள எஃப்எம்டி, லிஸ்ட் போன்றவற்றுக்கு, வெட்டாதீர்கள். அரைகுறை லிஸ்ட்டை முழு லிஸ்ட் போலப் படிக்கப் போனால் உள்ளே இருக்கும் துணைத்துண்டுகளில் இதே கதை மறுபடி தொடங்கும். அங்கே பிழைதான் சரி.

ஹார்ட்ப்ளீட் திருத்தத்திலும் இந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தது. அங்கே தரமே பதில் சொல்லிவிட்டது: சொன்ன நீளம் பொருந்தாவிட்டால் சத்தமில்லாமல் தூக்கிப்போடு என்று. திருத்தத்தில் சோதனை இரண்டு. முதலாவது, வகைக்கு 1, நீளத்துக்கு 2, நிரப்புக்கு 16 என்று குறைந்தபட்சம் 19 பைட்டாவது வந்திருக்கிறதா என்பது. நீளத்தையே அதற்குப் பிறகுதான் படிக்கிறார்கள். இரண்டாவது, அந்த நீளத்தையும் சேர்த்த மொத்தம் வந்த பதிவுக்குள் அடங்குகிறதா என்பது. அங்கே கூட்டல்தான் செய்தார்கள். நீளம் 16 பிட், கூட்டுவது அதைவிட அகலமான எண்ணில், சுற்றாது. ஆகவே கூட்டலே பாவம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

#13 சத்தமில்லாத_சிக்னல்

நீண்ட நாளாக வாசிப்பவள், இப்போதுதான் எழுதுகிறேன். கரண்ட்கட், எஃப்எம்டி துண்டைப் படிக்கும் பகுதியை நீங்கள் காட்டவில்லை. அங்கே அளவு என்னவாக இருந்தாலும் 16 பைட் எடுக்கிறதா?

அப்படியென்றால் அளவு 4 என்று சொல்லும் எஃப்எம்டி வந்தால் மீதமுள்ள 12 பைட் அடுத்த துண்டிலிருந்து வரும். பஃபருக்குள்ளேயே நடப்பதால் ஏசான் மூச்சுவிடாது. அது ஒதுக்கீட்டின் எல்லையைத்தான் காவல் காக்கும். உங்கள் துண்டு எங்கே முடிகிறது என்று அதற்குத் தெரியாது. அதே துண்டு கோப்பின் கடைசியில் இருந்தால் மட்டும் கத்தும். ஓபன்எஸ்எஸ்எல் தன் பழைய பஃபர்களைத் தானே பட்டியலில் வைத்து மறுபடி மறுபடி பயன்படுத்தியதும் இதே மாதிரியான மறைப்புதான். மால்லாக் பக்கம் இருந்த காவல்கள் எதற்கும் வேலை வரவில்லை.

துண்டுக்குள் போகும் ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் முழு பஃபரைக் கொடுக்காமல், துண்டின் தொடக்கத்தையும் அதன் நீளத்தையும் மட்டும் கொடுங்கள். எஃப்எம்டி ஃபங்ஷன் முதல் வரியில் 'நீளம் 16-க்குக் கீழ் என்றால் பிழை' என்று சொல்லட்டும். 18, 40 எல்லாம் முறையான அளவுகள்தான், ஆகவே '16-க்குச் சமம்' என்று சோதித்துவிடாதீர்கள்.

இன்னொன்று: துண்டின் பெயரை அச்சிடுகிறீர்கள் அல்லவா? அது நாலு எழுத்து, பின்னால் பூஜ்ய பைட் கிடையாது. பிரிண்ட்எஃப்பில் வெறும் சதவீத எஸ் போட்டிருந்தால் எங்காவது ஒரு பூஜ்யம் கிடைக்கும்வரை படித்துக்கொண்டே போகும். நடுவில் புள்ளி நாலு சேருங்கள்.

#14 கரண்ட்கட்

எஃப்எம்டி, பிரிண்ட்எஃப் இரண்டும் நீங்கள் சொன்னபடியேதான் இருந்தன. மாற்றிவிட்டேன். இத்தனை பேர் கண்ணில் பட்ட பிறகும் இன்னும் ஏதாவது ஒளிந்திருக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#15 தாரா_எம்பெடட்

ஃபஸ்ஸர், அதாவது உள்ளீட்டை விதவிதமாக மாற்றிக் கொடுத்து ஓட்டை தேடும் கருவி. இந்த அளவுக் கருவிக்கு லிப்ஃபஸ்ஸர் கச்சிதம். கோப்பைத் திறக்கும் பகுதியைப் பிரித்துவிட்டு, 'தரவு, மொத்தம்' வாங்கும் ஃபங்ஷனை நேரடியாகக் கூப்பிடும் சின்ன நுழைவாயில் ஒன்று எழுதுங்கள். க்ளாங்கில் ஃபஸ்ஸர், ஏசான் இரண்டையும் சேர்த்துக் கம்பைல் செய்யுங்கள். ஒவ்வொரு உள்ளீட்டையும் அது சரியான அளவு ஹீப் பகுதியில் நகலெடுத்துத்தான் தரும், அதனால் ஒரு பைட் தாண்டினாலும் ஏசானிடம் மாட்டும். கிளிப்சியின் 72 பைட் தாராளம் இங்கே கிடையாது.

கவனிக்க: அதன் காலக்கெடு சொல்லாவிட்டால் 1200 வினாடி. முடிவில்லாத லூப் ஒன்று இருந்தால் 20 நிமிடம் மௌனமாக உட்கார்ந்திருக்கும், ஏதோ தேடுகிறது என்று நினைத்துக்கொள்வீர்கள். 5 வினாடி போதும். விதையாக (தொடக்க உள்ளீடாக) நல்ல வேவ் சில கொடுங்கள், எல்லாம் சிறியதாக, சில நூறு பைட்டுக்குள். அப்படிக் கொடுக்காவிட்டால் 'ரிஃப்' என்ற நாலு எழுத்தைக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் வீணாகும்.

யூபிசான் (வரையறுக்கப்படாத நடத்தையைப் பிடிக்கும் கருவி) கூடவே போடலாம், ஆனால் குறியில்லாத எண் சுற்றுவதை அது இயல்பாகச் சொல்லாது. தரப்படி அது பிழை இல்லை. க்ளாங்கில் அதற்குத் தனிக்கொடி இருக்கிறது, அதையும் இயக்குங்கள். ஹாஷ் கணக்கு செய்யும் கோடு இருந்தால் சும்மா சும்மா கத்தும், உங்களிடம் அது இல்லை என்று நினைக்கிறேன்.

#16 கரண்ட்கட்

முதலில் பழைய கோடிலேயே ஓட்டிப் பார்த்தேன், ஃபஸ்ஸர் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று தெரிய. காபி போட எழுந்து திரும்புவதற்குள் மெம்காப்பி ஓட்டை மாட்டியது. விதைகளை மாற்றி விட்டதில் லூப்பும் 5 வினாடிக் கெடுவில் சிக்கியது, தாரா சொன்ன எண் இல்லை, ஆனால் அதே குடும்பம். #8-இல் போட்டிருந்த கோடையும் கொடுத்தேன். நிரப்பு பைட் விவகாரத்தைக் கண்டுபிடித்துவிட்டது, 61 பைட் இல்லை, அதைவிடச் சின்னக் கோப்பு. இப்போதைய கோடில் ராத்திரி முழுக்க ஓடியது, ஒன்றும் வரவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். ஃபஸ்ஸர் பிடித்த கோப்புகளை என்ன செய்வது? ரெபோவில் சேர்த்தால் பெரிதாகிவிடுமா?

#17 சத்தமில்லாத_சிக்னல்

சேருங்கள், எல்லாம் சில பைட்டுகள்தானே. பெயரில் எந்தத் திருத்தத்துக்கான கோப்பு என்று இருக்கட்டும். மேக் டெஸ்ட் ஒவ்வொன்றையும் ஏசான் பில்டில் ஓட்டட்டும், நேரக்கெடுவோடு. சாதாரண பில்டில் ஓட்டினால் பயனில்லை, அந்த 70-ஆவது பைட் மறுபடி 72-க்குள் ஒளிந்துகொள்ளும்.

#18 மொட்டைமாடி

பைப்பில் எடுத்த வேவ் ஒன்றையும் அந்தக் கூட்டத்தில் போட்டு வையுங்கள் ப்ரோ. அது பிழை இல்லாமல் தேற வேண்டிய கோப்பு.